கருவி நான்கு, கிடங்கு ஒன்பது

கோயம்புத்தூரில் ஆயுத பூஜையன்று ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்தாலும் பாவம். லேத், டிரில்லிங் மெஷின், மாவு மில் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துத் தூங்கப் போட்டுவிடுவார்கள். மறுநாள் விஜயதசமிக்குச் சூடம் காட்டித்தான் எழுப்புவார்கள். கார்கள் தங்களைத் தாங்களே ஓட்டிக்கொள்ளும் காலம் வந்த பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. எலுமிச்சம்பழம் வைக்காவிட்டால் கார் நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்று ஊருக்குள் கிண்டல்கூட உண்டு.

பீளமேடு துணைநினைவு நிலையத்தின் கிடங்குக் கணினிக்கு மட்டும் அந்த லீவு கிடையாது. பதினோரு வருஷமாக ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பூஜையன்று ஓடுகிறபடியே சந்தனம் வைப்பார்கள், ஓடுகிறபடியே சூடம் காட்டுவார்கள். இந்த வருஷம் அதன் பொறுப்பாளர் மருதாசலத்துக்கு மனசு கேட்கவில்லை. லேத்துப் பட்டறைச் சந்தில் பிறந்து வளர்ந்தவர். 'ஊரில் இருக்கிற இரும்புக்கெல்லாம் லீவு, இது மட்டும் என்ன பாவம் செய்தது?' என்று, செவ்வாய்க்கிழமை சாயந்திரம், இரண்டே இரண்டு மணி நேரம், மிகுந்த மரியாதையோடு அதை நிறுத்தி வைத்தார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் சொந்தமாக எடுத்த முடிவுகள் மொத்தம் மூன்று. மற்ற இரண்டும் இந்த அளவுக்கு நாசம் பண்ணவில்லை.

மறுபடி போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. எப்போதடா நிறுத்துவார்கள், நாம் உள்ளே நுழையலாம் என்று பதினோரு வருஷமாக வாசலிலேயே காத்துக் கிடந்த புதுப்பிப்புகள் எல்லாம் கல்யாண வீட்டுப் பந்திக்கு நுழைகிற மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நுழைந்துவிட்டன. நான்காம் பதிப்பாகத் தூங்கிய கிடங்கு ஒன்பதாம் பதிப்பாக எழுந்து உட்கார்ந்தது. போகிற போக்கில், பழைய பதிப்பு இனி எதற்கு என்று அதைச் சுத்தமாகத் துடைத்தும் விட்டது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷாஹிதா தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். கிடங்கில் இருப்பதை மனிதர்களுக்குள் ஏற்றும் கருவி அவள் பொறுப்பு. கோட்டைமேட்டுப் பெண். முப்பத்து நான்கு வயது. மருதாசலத்தை 'அண்ணா' என்று கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லிலேயே மரியாதை, கோபம், பரிதாபம் மூன்றையும் வேண்டிய விகிதத்தில் கலந்து கொடுப்பாள்.

திரையில் ஒரே வரி: 'கருவி 4. கிடங்கு 9. பொருந்தவில்லை. நிறுத்துகிறேன்.'

"அண்ணா," என்றாள். இந்தத் தடவை பரிதாபம் கொஞ்சம் குறைவாக இருந்தது. "நீங்க நேத்து என்ன பண்ணுனீங்க?"

"சாமி கும்பிட்டேன்."

"சாமி நல்லாவே கேட்டிருக்கு."

நாற்பத்து மூன்று பேர். பக்கவாதத்திலோ மறதி நோயிலோ நினைவு மொத்தமும் அழிந்து, காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவு சில்லு வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள். வாழ்ந்த வாழ்க்கை முழுக்க இந்தக் கிடங்கில் இருக்கிறது. தினமும் காலையில் வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். வராவிட்டால் சில்லு நாலு நாள் தாங்கும். அதற்குப் பிறகு பெற்ற பிள்ளையையும் பேப்பர் போடுகிறவனையும் ஒரே மாதிரி பார்ப்பார்கள். கடைசியாக ஏற்றியது செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு. சனிக்கிழமை காலை ஒன்பதுக்குக் கெடு.

கிடங்கைச் செய்த கம்பெனிக்கு மருதாசலம் போன் போட்டார். தேன் தடவிய இயந்திரக் குரல் ஒன்று, நான்காம் பதிப்புக்கான உதவி ஆறு வருஷத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது என்றும், மருதாசலத்தின் நாள் இனிதாக அமையட்டும் என்றும் சொன்னது.

"உங்க பழைய நகல் இருக்குமே அண்ணா? மாசாமாசம் எடுப்பீங்களே?"

"செவ்வாய் மத்தியானம்கூட எடுத்தேன். பூஜைக்கு முன்னாடி."

"அதத் தெறக்க முடியுமா?"

"தெறக்கற சாவிதான் நாலாம் பதிப்பு. புதுசு கிட்டக் குடுத்தா, இவ்வளவு பழசையெல்லாம் படிக்க மாட்டேங்குது."

ஷாஹிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "சரி. புலம்பறதுக்குச் சனிக்கிழமை சாயந்திரம் டைம் இருக்கு. ஒம்பதாம் பதிப்புக் கருவிய எறக்கறேன். அது கிடங்கோட பேசும். சில்லோட பேசுமான்னு தெரியாது. யாராவது ஒருத்தருக்கு ஏத்திப் பாத்தாத்தான் தெரியும்."

அந்த 'யாராவது ஒருத்தர்' என்ற இடத்தில் இரண்டு பேரும் வாசலில் காத்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு முழுக்க, வருகிறவர்களிடமெல்லாம் மருதாசலமே விஷயத்தைச் சொன்னார். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கலாம். ஆனால் கோளாறுக்கு ஒரு பெயரும் ஒரு தொப்பையும் இருந்தபோது போர்டில் பொய் எழுத அவருக்குக் கூசியது. "நான்தானுங்க நிறுத்துனேன்," என்று நாற்பத்திரண்டு தடவை சொன்னார். திட்டியவர்கள் திட்டினார்கள். ஒரு அம்மா மட்டும், "பூஜைக்குத்தானே நிறுத்துனீங்க, போகட்டும்," என்றார். திட்டியதைவிட அது அதிகமாக உறைத்தது.

நாற்பத்து மூன்றாவது ஆள் கிட்டுசாமி. எழுபத்தோரு வயது. கணபதி வட்டாரத்தில் முப்பது வருஷம் பட்டறை நடத்தியவர். பக்கத்தில் மனைவி பூவாத்தாள். அவர் பூவாத்தாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. நாற்பத்து நான்கு வருஷமாக 'ஏ புள்ள'தான்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ ஒரு ட்ரையல் பீஸ் வேணும். அதான?" என்றார் கிட்டுசாமி.

"அப்படிச் சொல்லாதீங்கய்யா."

"வேற எப்பிடித் தம்பி சொல்றது? புது செட்டிங் போட்டா நேரா ஜாப்ப ஏத்துவாங்களா? ஒரு பீஸ் கடஞ்சு பாத்து, அளவு சரியா வந்தாத்தான் மிச்சம். நாப்பத்தி மூணையும் ஒட்டுக்கா ஏத்திக் கெடுத்துப் போட்டீங்கன்னா? என்னைய ஏத்துங்க."

"மாமா!" என்றார் பூவாத்தாள். "இதென்ன இரும்பா? தலைங்!"

"இரும்பா இருந்தா உங்கிட்டக் கேக்கவே மாட்டேனே புள்ள. அதுக்குத்தான் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கறேன்."

பூவாத்தாள் அவர் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டார். பிறகு, "கெட்டுப் போச்சுன்னா, கெட்டத எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க. இங்க வெச்சுக்காதீங்க," என்றார் மருதாசலத்திடம்.

கிட்டுசாமி சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டு, கீழே தன் கையாலேயே ஒரு வரியும் சேர்த்தார்: 'இருந்தது எல்லாம் வரணும். அரை நூல் குறையக் கூடாது.' பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

வியாழன் மத்தியானம் ஏற்றினார்கள். சில்லு முனகாமல் வாங்கிக்கொண்டது. எந்தப் பிழையும் இல்லை. திரையில் பச்சை விளக்கு. ஷாஹிதா மூச்சை விட்டாள். மருதாசலம் மருதமலை முருகனுக்கு ஒரு மொட்டை வேண்டிக்கொள்ளலாமா என்று யோசித்து, தலையில் மிச்சமிருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, பால்குடமாக மாற்றிக்கொண்டார்.

கிட்டுசாமி கண்ணைத் திறந்தார். எல்லாரையும் வரிசையாகப் பார்த்தார்.

"வணக்கம்," என்றார் மனைவியிடம். "நீங்க பூவாத்தாள். என் சம்சாரம்."

பூவாத்தாளின் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டில் கீழே விழுந்தது. கிட்டுசாமி குனிந்து எடுத்து, மூடியைத் துடைத்துக் கொடுத்தார். அந்நியர்களிடம் அவர் எப்போதுமே மரியாதையானவர்.

"நம்ம கல்யாணம் தெரியுதுங்களா?"

"தெரியுது. தை மாசம் இருபத்தி ஒண்ணு. அவினாசிக் கோயில். மழை. பந்தியில எலை பத்தல."

"அப்பறம்?"

"அவ்வளவுதான் இருக்கு."

பூவாத்தாள் அழவில்லை. திரும்பி மருதாசலத்தைப் பார்த்தார். அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஷாஹிதா அதற்குள் பழைய கையேட்டையும் புதிய கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேட ஆரம்பித்திருந்தாள். கால் மணி நேரத்தில் கண்டுபிடித்தாள். "அண்ணா, இங்க பாருங்க. நாலாம் பதிப்புல ஒவ்வொரு நெனப்புக்குப் பக்கத்துலயும் ஒரு கட்டம் இருந்திருக்கு. 'ஒட்டு'ன்னு பேரு. அந்த நெனப்பு மனசோட எவ்வளவு ஒட்டியிருக்குன்னு ஒரு நம்பர். பூஜ்யத்துல இருந்து நூறு வரைக்கும். ஏழாம் பதிப்புல அதத் தூக்கிட்டாங்க."

"எதுக்கு?"

"'தேடலுக்கு உதவாத தகவல்'னு ஒரு குறிப்பு எழுதியிருக்காங்க."

இருவரும் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, கிட்டுசாமி மேஜை மேலிருந்த போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்திவிட்டார். பஸ் டைம் விசாரிக்கிற குரலில் பேசினார்.

"நாச்சிமுத்துங்களா? நான் கிட்டுசாமி, உங்க அண்ணன். இருபத்திரண்டு வருசத்துக்கு முந்தி, நம்ம பட்டறை பிரஸ் மெஷின்ல, வேலைக்கிருந்த ஆறுமுகத்தோட ரெண்டு வெரல் போனப்ப, பாதுகாப்பு மூடியக் கழட்டுனது யாருன்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. நீங்க 'எங்கண்ணன்'னு சொன்னீங்க. அது சரியான பதில். கழட்டுனது நான்தான். வேகமா ஓட்டறதுக்காகக் கழட்டுனேன். அதுக்குப் பொறவு நான் உங்ககூடப் பேசல. ஏன்னு இப்பப் பாக்கறேன், காரணம் ஒண்ணும் எழுதியில்ல. நீங்க வரலாம்."

போனை வைத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் என்ன பதில் வந்தது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பூவாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பேர வீட்டுல சொன்னாத் தட்டு பறக்கும் தம்பி," என்றார் மெதுவாக. "மாமியா எழவுக்கு வந்தவர வாசல்லயே நிறுத்திப் போட்டாரு. அவரா பேசுனாரு இப்ப?"

தம்பியின் குடும்பம் ஓசூரில் இருந்தது. மறுநாள் வந்துவிடுவதாக அரை மணி நேரத்தில் பூவாத்தாளின் போனுக்குச் செய்தி வந்தது.

மிச்சமிருந்த பகலையும் வெள்ளிக்கிழமை காலையையும் ஷாஹிதாவும் மருதாசலமும் அந்தப் பழைய நகலோடு மல்லுக்கட்டினார்கள். திறக்கச் சாவி இல்லையென்றால் ஓட்டைப் பிரித்து இறங்குவது என்று முடிவாயிற்று. நகலை வெறும் எழுத்துக் குவியலாக எடுத்து, ஒரு வரி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து மருதாசலம் சொல்ல, அதைப் படிக்கத் தெரிந்த ஒரு சின்ன நிரலை ஷாஹிதா எழுதினாள். அவர் பதினோரு வருஷமாக வேறு வேலையில்லாமல் அந்தக் கிடங்கையே பார்த்துக்கொண்டிருந்தது முதல் தடவையாகப் பிரயோஜனப்பட்டது. ஒட்டுக் கட்டம் தனியாகக் கையில் வந்தது. ஒன்பதாம் பதிப்பில் அதற்கு இடம் இல்லை. ஆனால் 'குறிப்பு' என்று, யாரும் எழுதாத, யாரும் படிக்காத ஒரு கட்டம் சும்மா கிடந்தது.

"அதுல போட்டுருவோம்," என்றாள் ஷாஹிதா. "சில்லு ஒட்டு எங்கன்னு கேட்டா, குறிப்பக் காட்டச் சொல்லி நடுவுல ஒரு நிரல ஆள் மாதிரி நிறுத்திரலாம். கம்பெனிக்குத் தெரிஞ்சா லைசென்ஸப் பிடுங்குவான்."

"என் பேர்ல போடு. எப்பிடியும் எல்லாம் என் பேர்லதான் இருக்கு."

பத்தரை மணிக்குப் பூவாத்தாள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். வெளியே கிட்டுசாமி செய்தித்தாளின் எல்லாப் பக்கத்தையும் ஒரே வேகத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேப்பேன். தப்பா நெனச்சுக்காதீங்க. கொழுந்தனார் வந்துட்டே இருக்காரு. எல்லாத்தையும் ஏத்துங்க, வேண்டாங்கல. அந்தக் கோவத்த மட்டும் விட்டுட்டு ஏத்தக் கூடாதுங்களா? யாருக்குத் தெரியப் போவுது?"

மருதாசலத்துக்கு உடனே தலையாட்டத் தோன்றியது. முன்தினம் அந்தப் பாட்டிலைத் துடைத்துக் கொடுத்த கை அவர் கண்ணை விட்டுப் போகவே இல்லை. இந்த அம்மாவுக்கு எதையாவது கொடுத்தாக வேண்டும் போலிருந்தது. ஷாஹிதாவைப் பார்த்தார்.

"முடியாதுங்கம்மா," என்றாள் ஷாஹிதா. "விட மனசில்லாம சொல்லல. இங்க பாருங்க, உங்க கொழுந்தனார் வர்ற நெனப்பு மொத்தம் ரெண்டாயிரத்துச் சொச்சம். இது, மூணு வயசுத் தம்பிய முதுகுல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது. ஒட்டு தொண்ணூத்தி நாலு. இது, அந்த இன்ஸ்பெக்டர் வந்த நாள். அதுவும் தொண்ணூத்தி நாலு. இந்த நம்பர் எவ்வளவு ஒட்டியிருக்குன்னுதான் சொல்லும், பாசமா கோவமான்னு சொல்லாது. கோவத்தத் தேடிப் பிடுங்கறதுன்னா ஆளையே பிடுங்கணும். தம்பியே இல்லாமப் போயிருவாரு."

பூவாத்தாள் அந்த இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாங்?"

"ஒண்ணுதாங்கம்மா," என்றார் மருதாசலம். "பிடுங்க முடிஞ்சிருந்தாலும் அவரு அரை நூல் குறையக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காரு. நான் ஏற்கெனவே ஒரு தடவ யாரையும் கேக்காம நல்லது பண்ணப் போய்த்தான் இந்த நெலம."

"அப்ப ஒண்ணு மட்டும் பண்ணுங்க," என்றார் அவர். "நேத்துப் போன்ல பேசுனத அழிச்சுப் போடாதீங்க."

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. முன்தினத்து நினைப்பு சில்லில் மட்டும்தான் இருந்தது, பழைய நகலில் கிடையாது. அதற்கு ஒட்டும் கிடையாது. கட்டம் காலியாக இருந்தால் சில்லு வாங்காது. ஏதாவது ஒரு எண்ணைப் போட்டாக வேண்டும். ஐம்பது போடலாமா என்றாள் ஷாஹிதா. அவளுக்கும் உள்ளுக்குள் ஆசைதான்.

"பூஜ்யம் போடு," என்றார் மருதாசலம். "வேற எதப் போட்டாலும் அது நம்ம மனசு. அவரோடது இல்ல."

பதினொன்றே காலுக்குக் கிட்டுசாமி கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தார், மருதாசலத்தின் தொப்பையைப் பார்த்தார், கடைசியாக மனைவியைப் பார்த்தார்.

"ஏ புள்ள, எதுக்கு மூஞ்சிய இப்பிடித் தூக்கி வெச்சிருக்கற? சாப்பிடவே இல்லியா நீ?"

அப்போதுதான் பூவாத்தாள் அழுதார், வியாழக்கிழமைக்கும் சேர்த்து. கிட்டுசாமி ஒன்றும் புரியாமல் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே மருதாசலத்தை முறைத்தார். மருதாசலம் திரையைப் பார்க்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரையில் ஒன்றுமே இல்லை.

வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அறுபது வயதுக்காரர் ஒருவர், ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்த கசங்கல் சட்டையோடு நின்றிருந்தார்.

கிட்டுசாமியின் முகம் இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. தொண்ணூற்று நாலும் முழுசாக வந்து சேர்ந்திருப்பது ஷாஹிதாவுக்குத் தெரிந்தது.

"உன்னைய யார்றா கூப்பிட்டது?"

"நீதாண்ணா. நேத்து."

"நானா?" என்றவர் அப்படியே நின்றார். யாரோ சொன்ன கதை மாதிரி அது அவருக்குள் இருந்திருக்க வேண்டும். தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பேசுனேன். ஆமா. மூடியக் கழட்டுனது நான்தான்னு சொன்னேன்."

"சொன்னே."

"நீ சொன்னது சரின்னும் சொன்னனா?"

"ஆமாண்ணா."

"தம்பி," என்று மருதாசலத்திடம் திரும்பினார். "நெசமா நான்தான் சொன்னனா? இல்ல, நீங்க எதாச்சும் உள்ள எழுதி வெச்சீங்களா?"

மருதாசலம் பக்கத்தில் வந்து நின்றார். "வார்த்த எல்லாம் உங்களுதுங்க. அப்போ உங்களுக்குக் கோவமோ பாசமோ ஒண்ணும் இல்ல. அது எங்க தப்பு. வேணாம்னா அந்த ஒரு மணி நேரத்த எடுத்துரலாமுங்."

பூவாத்தாள் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்," என்றார் கிட்டுசாமி. "சொன்னது சொன்னதுதான். கழட்டுனதும் கழட்டுனதுதான்." தம்பியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் தொடர்ந்தார். "ஆனா கோவம் போகல. சொல்லிப் போட்டேன்."

"போக வேண்டாம்ணா. நான் அதுக்கு வரல."

"வெளிய பெஞ்சு கெடக்குது. உக்காரு. நான் பேச மாட்டேன். நீ உக்காரு."

நாச்சிமுத்து போய் வெளியே பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்தார். சிறிது நேரம் கழித்துக் கிட்டுசாமி போய் மறு கோடியில் உட்கார்ந்தார். நடுவில் நாலு ஆள் உட்காரலாம். பூவாத்தாள் இருவருக்கும் டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு, நடுவில் உட்காராமல் நின்றுகொண்டார்.

ஷாஹிதா மிச்சம் நாற்பத்திரண்டு பேருக்கும் போன் செய்து முடித்திருந்தாள். அவசரத்தில் எல்லாரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டாள். வாசலில் சக்கர நாற்காலிகளும், மகன்களும், மருமகள்களும் சேர ஆரம்பித்தார்கள். அந்தப் பெஞ்சு வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"அய்யா, கோவிச்சுக்காதீங்க," என்று தலையைச் சொறிந்தார் மருதாசலம். "பெஞ்சக் கொஞ்சம் அக்கட்ட போடணும். ஆள் யாரும் இல்ல. எனக்கு இடுப்பு வேற..."

கிட்டுசாமி டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து தன் பக்கத்து முனையைப் பிடித்தார். தேக்குப் பெஞ்சு, ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. அந்தப் பக்கம் நாச்சிமுத்துவும் எழுந்து நின்றிருந்தார், கையை வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல்.

கிட்டுசாமி கதவையும் இடைவெளியையும் கண்ணால் அளந்தார். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பியின் கையைப் பார்த்தார்.

"தூக்கு," என்றார்.

தூக்கினார்கள்.

"உம்பக்கம் ஒரு நூல் எறக்கு. செவுத்துல இடிக்குது. ஆங்... அப்பிடியே வா."